வஞ்சியும் நொச்சியும்: ‘சூலு’ திரைப்படத்தில் வீரம் பெறும் வடிவம்

வீரத்தைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்பொன்றை மதிப்பிடுவது எளிதான காரியமன்று. போற்றுவோர் வீரனுடைய துணிவையே படைப்பினது சிறப்பென மயங்குவர். தூற்றுவோர் அவன் அணிந்திருந்த சீருடையை மட்டும் நோக்கி அவனது துணிவையும் மறுத்துவிடுவர். 1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூலு’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்விரு வகையான மதிப்பீட்டுக்கும் ஆட்பட்டு வந்துள்ளது. ஏகாதிபத்தியத்தின் புகழ்ப்பரணி என அதனை ஒரு சொல்லால் ஒதுக்குவோரும் உளர். போர்த் திரைப்படங்களுள் தலையாயது எனக் கொண்டாடுவோரும் உளர். படத்தை ஊன்றி நோக்குமிடத்து இரண்டு தீர்ப்புகளும் போதாதவை என்பது புலனாகும். வீரத்தைப் பற்றி இப்படம் கூறுவது பெரும்பாலும் உண்மையே. அவ்வீரம் எங்கு, எதன் பொருட்டு நிகழ்ந்தது என்பதைக் கூறாது விடும் முறையிலேதான் அதன் அரசியல் அடங்கியுள்ளது.

படத்தின் பொருள் 1879ஆம் ஆண்டு சனவரி 22, 23ஆந் திகதிகளில் தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த ஒரு முற்றுகையாகும். நேற்றால் என்னும் பிரித்தானியக் குடியேற்ற நாட்டுக்கும் சூலு இராச்சியத்துக்கும் எல்லையாக ஓடிய பஃபலோ ஆற்றிலே, ஜேம்ஸ் றோர்க் என்னும் வணிகனின் பெயரால் வழங்கிய துறையொன்று இருந்தது. றோர்க் இறந்தபின் அவனுடைய மனை சுவீடன் நாட்டு மிசனரிமாரிடம் சேர்ந்தது. சூலு நாட்டின்மீது படையெடுத்த பிரித்தானியர் அங்கிருந்த வீட்டை மருத்துவமனையாகவும் அடுத்த கட்டடத்தைக் களஞ்சியமாகவும் ஆக்கிக்கொண்டனர். 22ஆந் திகதி, அங்கிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், இசண்டுல்வானா மலையடிவாரத்தில் இருந்த பிரித்தானிய முகாம் சூலுப் படையினால் அழிக்கப்பட்டது. 1,300க்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். அவர்களுட் பல நூற்றுவர் பிரித்தானியர் பக்கம் நின்ற ஆபிரிக்கர். அன்று பிற்பகலே மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையான சூலு வீரர் றோர்க் துறையைத் தாக்கினர். அதனைக் காத்து நின்றோர் ஏறத்தாழ நூற்றைம்பதின்மர். அவர்களுள் 35 பேர் நோயாளர். நள்ளிரவு கடந்தும் நீடித்த அச்சமரில் களஞ்சியம் வீழவில்லை. காத்தோருள் 17 பேர் இறந்தனர். தலைமை தாங்கிய லெப்டினன்ற் ஜோன் சாட், லெப்டினன்ற் கொன்வில் புறோம்ஹெட் ஆகிய இருவர் உட்படப் பதினொருவருக்கு விக்டோறியாச் சிலுவை வழங்கப்பட்டது.

சாட்டின் துணிவு ஐயத்துக்கு இடமற்றது. பொறியியற் படையைச் சேர்ந்த அவருக்கு அப்பொழுது வயது முப்பத்தொன்று. பெர்மியூடாவிலும் மோல்ற்றாவிலும் அரண் கட்டும் பணி செய்தவர். போர்க்களம் கண்டவர் அல்லர். றோர்க் துறையில் அவருக்கு இடப்பட்ட பணி ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதைகளைச் செப்பனிடுவது. மேலதிகாரி வேறிடம் சென்றிருந்தமையாலும், புறோம்ஹெட்டிலும் பார்க்க மூன்றாண்டு முந்திப் பதவி பெற்றிருந்தமையாலும் தலைமை அவரிடம் வந்து சேர்ந்தது. சோள மூடைகளாலும் பிஸ்கற் பெட்டிகளாலும் இரு கட்டடங்களையும் இணைத்துச் சுவர் எழுப்பப்பட்டது. சமர் தொடங்குமுன்னரே நேற்றால் சுதேசப் படையணியைச் சேர்ந்தோர் ஓடிவிட, மிஞ்சியோருக்கு அச்சுவர் நீளம் மிகுந்ததாயிற்று. சாட் தயங்கவில்லை, பிஸ்கற் பெட்டிகளால் நடுவே குறுக்குச் சுவர் ஒன்றை எழுப்புவித்தார். மருத்துவமனையின் கூரை தீப்பற்றி எரிந்து அதனைக் கைவிட வேண்டியேற்பட்டபொழுது, எஞ்சியோரைக் காத்தது அக்குறுக்குச் சுவரே. இருட்டிய பின் சோள மூடைகளைக் குவித்து இறுதிப் புகலிடம் ஒன்றையும் அமைத்தனர். பீதியிற் கலங்கிய மனிதரின் செயலல்ல இது. அச்சத்தின் நடுவிலே கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுடைய துணிவு இது.

இத்துணிவைப் படம் செம்மையாகவே காட்டுகின்றது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நெறியாளர் சை என்ட்ஃபீல்ட் வாய்ச்சொல் வீரத்தில் நம்பிக்கை வையாதவர். படத்தின் முற்பாதியின் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிகின்றது. சூலுப் படை கண்ணுக்குத் தெரியுமுன்னர், தொலைவில் புகைவண்டி வருவது போன்ற ஓசையாகக் காதுக்குத் தெரிகின்றது. சுவர், சுவரின் மூலை, மூலையில் நிற்கும் மனிதன், அவனிடம் எஞ்சியுள்ள தோட்டா என்று ஒவ்வொன்றாகக் கமரா காட்டிச் செல்லும்பொழுது, பார்ப்போன் தன்னையறியாமலே அச்சுவருக்குள் நிற்கத் தொடங்குகின்றான். படத்தின் வெற்றி இது. சிக்கலும் இங்கேயே தொடங்குகின்றது.

தாக்குதலை எதிர்நோக்கி நிற்கும் இளஞ்சிப்பாய் ஒருவன், ஏன் நாங்கள், ஏன் இது எங்கள் தலையில் விழவேண்டும் என்ற பொருள்படக் கொடிச் சார்ஜன்ற் போர்னை வினவுகின்றான். நாம் இங்கே இருப்பதனால், வேறு யாரும் இல்லாமையால் என்ற கருத்தில் அமைதியாக விடை வருகின்றது. படத்தில் மிகவும் விதந்து பேசப்படும் இடங்களுள் இது ஒன்று. கடமையுணர்ச்சியின் சாரம் இதுவெனப் பலர் போற்றியுள்ளனர். ஆயின் சிப்பாய் கேட்ட வினாவுக்கு இது விடையாகுமா? அவன் காரணம் கேட்டான். சார்ஜன்ற் இடத்தைச் சுட்டினார். இங்கே இருக்கிறோம் என்பதே இங்கே இருப்பதற்கான நியாயமாகிவிடுகின்றது. சிப்பாயின் வாயில் அவ்வினாவை வைக்குமளவுக்கு நேர்மை இப்படத்தின் ஆசிரியர்களுக்கு இருந்தது. அதற்கு விடை காணுமளவுக்கு இருக்கவில்லை. வினா எழுந்த கணமே, அதனை வரலாற்றினின்றும் பிரித்து மனவுறுதி பற்றிய வினாவாக மாற்றிவிடுகின்றனர். (நிற்க, வரலாற்றிலே இந்தப் பிராங் போர்ன் படத்திற் காட்டப்படும் முதிர்ந்த, நெடிய ஆடவர் அல்லர், இருபத்து நான்கு வயதினர். தந்தையின் இடத்தில் நின்று விடையிறுக்க ஒருவர் வேண்டியிருந்தமையால் படம் அவரது வயதைக் கூட்டிவிட்டது போலும்.)

தமிழ் மாணவருக்கு இவ்விடத்தில் புறத்திணை மரபு ஓர் உரைகல்லாகப் பயன்படக்கூடும். மண்ணாசையால் மாற்றான் நாட்டின்மீது படையெடுத்துச் செல்வது வஞ்சி. தன் மதிலை முற்றியோரை எதிர்த்து உள்ளிருந்து காப்பது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை இதனைத் தனித் திணையாகவே வகுத்துள்ளது. ஒரே போரின் இரு கட்டங்களுக்கு இரு பூக்களைச் சூட்டிய அப்பழைய இலக்கணகாரர், போரில் ஒருவன் நிற்கும் நிலை மாறும்பொழுது அவன்மீது படியும் உணர்ச்சியும் மாறுகின்றது என்பதை அறிந்திருந்தனர். நொச்சியான்மீது கேட்போனுக்கு இரக்கம் பிறக்கின்றது. சிலராய் நின்று பலரை எதிர்ப்பவன் அவன். பின்னாற் போவதற்கு வழியற்றவன். வஞ்சியான்மீது அவ்விரக்கம் எழாது. ‘சூலு’ திரைப்படம் செய்வது, வஞ்சி சூடி வந்தவனுக்கு நொச்சிப் பூவைச் சூட்டிவிடுவதே. சனவரி 11ஆந் திகதி இதே துறையினூடாகவே செம்ஸ்போட் பிரபுவின் நடுப்படை ஆற்றைக் கடந்து சூலு நாட்டினுட் புகுந்தது. படமோ பதினொரு நாள் கழித்துத் தொடங்குகின்றது. இசண்டுல்வானாத் தோல்வியை அறிவிக்கும் செய்தி றிச்சட் பேட்டனின் குரலில் வாசிக்கப்பட, பிரித்தானியப் பிணங்கள் பரந்து கிடக்கும் களமே முதற் காட்சியாகத் திறக்கின்றது. அக்கணத்திலிருந்து வரலாற்றைப் பார்க்கத் தொடங்கும் எவனுக்கும் சூலுவரே தாக்குவோர், பிரித்தானியரே காப்போர்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். றோர்க் துறை நேற்றால் கரையில் அமைந்தது. அன்று ஆற்றைக் கடந்து வந்தோர் சூலுவரே. ஆகவே அன்றைய சமர் பிரித்தானியருக்கு நொச்சிதானே என்பர். நிலப்பட அளவில் இத்தடை சரியானது. ஆயின் அந்த வீடு குடியானவன் ஒருவனின் இல்லமாக அன்று இருக்கவில்லை. படையெடுத்துச் சென்ற சேனையின் உணவும் தோட்டாவும் அங்கேயே குவிக்கப்பட்டிருந்தன. அதன் நோயாளரும் காயப்பட்டோரும் அங்கேயே கிடத்தப்பட்டிருந்தனர். ஓர் அரண்மனையின் வாயிலை உடைக்கும் யானைக்குத் தீனி வைத்திருக்கும் கொட்டகையைத் தாக்கியோர், அவ்வாயிலைக் காப்போரே ஆவர். படத்திலே சாட் முதன்முதலாகத் தோன்றும்பொழுது ஆற்றில் இறங்கிப் பாலம் கட்டிக்கொண்டிருக்கின்றார். தான் வந்தது பாலம் கட்டவே என்று பின்னர் அவர் கூறுவது, போரை விரும்பாத தொழில்வினைஞனின் குரலாக ஒலிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. பாலம் யாருக்காக, எந்தத் திசையில் கடப்பதற்காக என்ற கேள்வியைக் கமரா கேட்பதில்லை.

அக்கேள்விக்கு விடை ஆவணங்களிலே தெளிவாக உண்டு. தென்னாபிரிக்கப் பிரதேசங்களை ஒரு கூட்டாட்சியின் கீழ்க் கொண்டுவரும் திட்டத்துடன் வந்த உயர் ஆணையாளர் சேர் பாட்டில் ஃபிரியர், சுதந்திரமான சூலு இராச்சியத்தை அத்திட்டத்துக்கு இடையூறாகக் கண்டார். எல்லைத் தகராற்றை விசாரித்த ஆணைக்குழு 1878இல் சூலுவருக்குச் சார்பாகவே முடிவு கூறியிருந்தது. அம்முடிவை அறிவித்த அதே நாளில், 1878 டிசெம்பர் 11ஆந் திகதி, மன்னன் செற்ஷ்வாயோ ஏற்கவே இயலாத நிபந்தனைகள் கொண்ட இறுதி எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. சூலுவரின் படை அமைப்பைக் கலைத்துவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வமைப்பு வெறும் படை அன்று. இளைஞரின் உழைப்பையும் அவர்களது திருமணக் காலத்தையும் அரசனே வரையறை செய்த சமூக ஒழுங்கின் தூண் அது. அதனை அகற்றுமாறு கேட்பது இராச்சியத்தையே அகற்றுமாறு கேட்பதாகும். அவ்வேளையில் போரொன்றை இலண்டன் அரசாங்கம் விரும்பியிருக்கவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

நிலமும் மந்தையும் தம் கையில் உள்ளவரை கூலிக்குப் போகவேண்டிய தேவை ஆபிரிக்கக் குடியானவனுக்கு இருக்கவில்லை. நேற்றாலின் கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலியாட்கள் இல்லை என்று முறையிட்டதன் உட்பொருள் இதுவே. 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து முதற் கப்பல் டேர்பனை அடைந்ததும், அதிலிருந்து 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு இறக்கப்பட்டதும் இதன் விளைவே. அவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். சூலு மன்னனின் படை ஒழுங்கும், சென்னைத் துறைமுகத்திற் கைநாட்டு வைத்த தமிழ்க் கூலியின் தலைவிதியும் இவ்வாறு ஒரே பொருளாதார முடிச்சில் வந்து சேர்கின்றன. 1979இல் வெளிவந்த ஜெஃப் கையின் ஆய்வு, சூலு இராச்சியம் உண்மையில் அழிந்தது போர்க்களத்தில் அன்று, போரின் பின் வோல்ஸ்லி அதனைப் பதின்மூன்று கூறாக்கியதனால் மூண்ட உள்நாட்டுப் போரிலேயே என்று நிறுவியது. 1879 யூலை 4ஆந் திகதி உலுண்டியிற் பெற்ற வெற்றியைவிட அந்தப் பதின்மூன்று கோடுகள் வலிமை வாய்ந்தவையாயின.

இவ்வளவையும் ஒரு திரைப்படம் கூறவேண்டுமா எனக் கேட்கலாம். கூறவேண்டியதில்லை. ஆயின் என்ட்ஃபீல்ட் கூறத் தெரியாதவர் அல்லர். அமெரிக்காவில் இடதுசாரி எனக் கறுப்புப்பட்டியலில் இடப்பட்டு, தொழிலிழந்து பிரித்தானியாவுக்கு வந்தவர் அவர். அவருடன் இணைந்து படத்தைத் தயாரித்துச் சாட்டாக நடித்த ஸ்ரான்லி பேக்கர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஆகவே படத்தில் வர்க்கப் பிரக்ஞை இல்லை என்று சொல்ல முடியாது, நிறையவே உண்டு. ஆனால் அது முழுவதும் சுவருக்கு உள்ளேயே செலவாகிவிடுகின்றது. பிரபுக் குலத்து இளைஞனாக, நாவில் அலட்சியம் தோய்ந்தவனாக மைக்கல் கெய்ன் வார்த்த புறோம்ஹெட்டும், சேற்றிற் கைவைத்து வேலைசெய்யும் சாட்டும் தலைமைக்காக மோதுகின்றனர். 1960களின் பிரித்தானியாவில் சரிந்துகொண்டிருந்த வர்க்க மேலாண்மை பற்றிய நாடகமே அது. 1879இன் ஆற்றங்கரைக்கு வேடமிட்டு வந்திருக்கின்றது. உண்மையான புறோம்ஹெட் செவிப்புலன் குன்றியவர். மேலதிகாரிகளால் அதிகம் மதிக்கப்படாதவர். உள்ளே இருவரும் சமமாகி இணையும்பொழுது பார்ப்போனுக்கு நீதி கிடைத்த நிறைவு உண்டாகின்றது. அந்நிறைவிலே சுவருக்கு வெளியேயுள்ள பெரிய சமமின்மை மறந்துபோகின்றது. முற்போக்காளர் ஒருவரின் கலை இவ்வாறு ஒரு தளத்திற் கண்திறந்து மறுதளத்திற் கண்மூடுவது ஆராயத்தக்க விடயமாகும். கருத்துநிலை என்பது ஒருவன் நம்பும் கொள்கையில் மட்டுமன்றி, அவன் கமராவை வைக்கும் இடத்திலும் தங்கியுள்ளது.

வர்க்க உணர்வுமிக்க இப்படம் எளியோருக்கு நீதி செய்ததா என்றால் அதுவும் முழுமையாக இல்லை. மாட்டுவண்டிகளில் நோயாளரை ஏற்றிக்கொண்டு பின்வாங்கினால் வெட்டவெளியில் அகப்பட்டு மாள நேரும். நின்று அரண் செய்வதே வழி என்று வற்புறுத்தியவர் ஜேம்ஸ் டோல்ற்றன் என்னும் களஞ்சிய அதிகாரி. முன்னர் சார்ஜன்றாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரது சிலுவைக்கான அறிவித்தல் ஏனையோருட் பெரும்பாலோருக்குப் பின், 1879 நவம்பரிலேதான் வந்தது. படத்தில் அவர் நளினமான, சற்று நகைப்புக்கிடமான களஞ்சியக்காரராகச் சிறுத்துப்போகின்றார். சிப்பாய் ஹென்றி ஹூக் படத்தில் குடிகாரன், திருடன், நோயென்று சொல்லிப் படுத்திருப்பவன். வரலாற்றில் அவர் மது அருந்தாதவர். நோயாளியாக அன்றி மருத்துவமனையின் சமையற்காரராகவும் காவலராகவும் அங்கு நின்றவர். எரியும் கட்டடத்தின் உட்சுவர்களை உடைத்து நோயாளரை ஒவ்வோர் அறையாக இழுத்துச் சென்றோருள் ஒருவர். முதுமையிலிருந்த அவரது புதல்வியர் முதற் காட்சியிலிருந்து எழுந்து வெளியேறினர் என்பர். கெட்டவன் ஒருவன் நெருப்பில் நல்லவனாதல் கதைக்குச் சுவை தரும் என்பதற்காக ஒரு தொழிலாளியின் நற்பெயர் செலவிடப்பட்டது. அதிகாரிகளான சாட்டுக்கும் புறோம்ஹெட்டுக்கும் அத்தகைய செலவு நேரவில்லை.

சூலுவரின் சித்திரிப்பைப் பற்றி அவசரத் தீர்ப்புக் கூறல் தகாது. அக்காலத்து ஆங்கிலப் படங்களிற் கூச்சலிடும் காட்டுமிராண்டிக் கூட்டமாக ஆபிரிக்கர் காட்டப்பட்டு வந்த நிலையில், இப்படம் அவர்களை ஒழுங்கும் போர்த்தந்திரமும் உள்ள படையாகக் காட்டியது. செற்ஷ்வாயோவாகத் தோன்றியவர் அவ்வரசனின் வழிவந்த மங்கோசுத்து புத்தலேசி. பின்னாளில் தென்னாபிரிக்க அரசியலிற் பெரும் இடம் வகித்து 2023இல் மறைந்தவர். எனினும் களத்திலே பெயர் பெற்றுப் பேசும் சூலு வீரன் ஒருவனேனும் இல்லை. மலைமுகட்டில் நிரையாகத் தோன்றுவர், பாடுவர், பாய்வர், வீழ்வர். சுவருக்குள் இறக்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு முகம் உண்டு. வெளியே இறப்போருக்கு எண்ணிக்கையே உண்டு. ஒருவனின் அச்சம் நமக்குத் தெரியாவிட்டால் அவனது துணிவும் நமக்குத் தெரியாது. வீரம் பற்றிய படமொன்றுக்கு இது சிறிய குறையன்று.

அன்று தாக்கியோர் யார்? அவர்கள் இசண்டுல்வானாவிற் பொருதாத சேமப்படையினர். பெரும்பாலோர் இளமை கடந்து குடும்பம் கொண்டவர்கள். காலை முதல் உணவின்றிப் பல மைல் ஓடியும் நடந்தும் வந்தவர்கள். (அவர்கள் இசண்டுல்வானாவிற் கைப்பற்றிய துவக்குகளைக் கொண்டு சுட்டதாகப் படம் காட்டுவது பொருந்தாது, அவர்கள் அம்முகாமைக் கொள்ளையிடவே இல்லை.) ஆற்றைக் கடந்து நேற்றாலுட் புகவேண்டாம் என்பது மன்னனின் கட்டளை. தற்காப்புப் போரையே தான் நடத்துவதாக உலகுக்குக் காட்ட விரும்பிய செற்ஷ்வாயோவின் மதியூகம் அது. அவனது மாற்றாந்தாய் மகனான டபுலமன்சி அதனை மீறினான். ஈட்டியும் தோற்கேடயமும் பழைய துவக்குகளும் கொண்டு, பின்புறத்தில் தோட்டா இட்டு விரைந்து சுடும் மாட்டினி-ஹென்றித் துவக்குகளின் முன் இருள் சூழ்ந்த பின்னும் மீண்டும் மீண்டும் சுவரில் ஏறினர். சாட் அனுப்பிய அறிக்கையின்படி சுவரைச் சுற்றிக் கிடந்த சூலுவரின் உடல்கள் 351. தோற்று ஊர் திரும்பியோர் தம்மவராலேயே எள்ளப்பட்டனர். களத்தில் வீரம் காட்டியோர் ‘இசிக்கு’ என்னும் மரமணி மாலை அணியும் உரிமை பெறுவது சூலுவர் வழக்கம். பதக்கம் என்ற கருத்து அவர்களுக்கும் புதிதன்று. படத்தில் அதற்கு இடமில்லை என்பதே உண்மை.

படத்தின் முடிவு இக்குறையை நிரப்ப முயல்கின்றது. விடியலில் மலைமேல் மீண்டும் தோன்றும் சூலுப் படை, தன்னை வென்றோரின் வீரத்தை வாழ்த்திப் பாடி விலகுகின்றது. பகைவனே புகழும்பொழுது புகழுக்கு மேல் ஒரு முத்திரை விழுகின்றது. இவ்வுத்தி உலகத்து வீரயுகப் பாடல்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஆயின் அது நிகழவில்லை. சூலுவர் காலையில் மலைமேல் தோன்றியது உண்மை. செம்ஸ்போட்டின் எஞ்சிய படை நெருங்கி வருவதைக் கண்டு அவர்கள் விலகிச் சென்றனர். அதன்பின் நிகழ்ந்ததைப் படம் காட்டுவதில்லை. களத்திற் காயமுற்றுக் கிடந்த சூலு வீரர் பலர் கொல்லப்பட்டனர். இதனைப் பிரித்தானியர் தரப்பில் நின்றோரே எழுதிவைத்துள்ளனர். இசண்டுல்வானாவிற் கண்ட காட்சியின் வெறி அதற்குக் காரணமாயிருக்கலாம். காரணம் எதுவாயினும், கொல்லப்பட்ட மனிதனின் வாயிலே வாழ்த்துப் பாடலை வைப்பது கலைஞனின் உரிமைக்குள் அடங்குமா என்பது ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய வினா. சமர் ஓய்ந்ததும் அதிகாரிகள் இருவரும் அருவருப்பையும் வெட்கத்தையும் ஒப்புக்கொள்ளும் காட்சி ஒன்று இப்படத்தில் உண்டு. அது நேர்மையானது, நன்றாக நடிக்கப்பட்டது. ஆயினும் அவ்வெட்கம் கொன்றதைப் பற்றியது. வந்ததைப் பற்றியது அன்று.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், என்ட்ஃபீல்ட் எழுத்துப் பங்களிப்பில் டக்ளஸ் ஹிக்கொக்ஸ் நெறிப்படுத்திய ‘சூலு விடியல்’ என்ற படம் வந்தது. ஃபிரியரின் சூழ்ச்சி, இறுதி எச்சரிக்கை, இசண்டுல்வானா ஆகிய யாவும் அதில் உண்டு. முதற் படம் விட்டதை இது சொல்லிற்று. ஆனால் முதற் படம் பெற்ற புகழில் சிறு பங்கும் இதற்குக் கிட்டவில்லை. கலைத்தரத்தில் இது தாழ்ந்தது என்பது ஒரு காரணம். வஞ்சியை வஞ்சியாகவே காட்டும் கதையிற் பார்ப்போன் ஒதுங்கி நிற்பதற்குச் சுவர் இல்லை என்பது மற்றொரு காரணமாகலாம்.

இவையெல்லாம் திரைப்படத்தின் கண்டுபிடிப்பல்ல. இசண்டுல்வானாச் செய்தி 1879 பெப்ரவரியில் இலண்டனை எட்டியபொழுது, நவீன ஆயுதம் ஏந்திய படையொன்று ஈட்டி ஏந்தியோரிடம் அழிந்த அதிர்ச்சியைத் தாங்க அரசுக்கும் மக்களுக்கும் ஒரு மாற்றுக் கதை தேவைப்பட்டது. றோர்க் துறை அதனை வழங்கிற்று. விக்டோறியா மகாராணியாரின் வேண்டுகோளின்பேரில் எலிசபெத் பட்லர் தீட்டிய ஓவியத்தில் சாட்டும் புறோம்ஹெட்டும் ஒளியின் நடுவே நிற்கின்றனர். சூலுவர் ஓர் ஓரத்து இருளில் மங்குகின்றனர். எண்பது ஆண்டின் பின் கமரா நின்ற இடத்தை அந்தத் தூரிகை அப்பொழுதே குறித்துவிட்டது.

பதக்கத்தின் மதிப்பைப் பற்றிப் படைக்குள்ளேயே ஒருமைப்பாடு இருக்கவில்லை. சாட்டின் மார்பிற் சிலுவையைக் குத்தியவர் சேர் கார்னெற் வோல்ஸ்லி. அவரே தம் நாட்குறிப்பில், தப்பியோட வழியின்றிக் கட்டடங்களுக்குள் அடைபட்டு உயிருக்காகப் பொருதோரை மாவீரராக்குவதை வெறுப்புடன் குறிப்பிட்டுள்ளார். இசண்டுல்வானாவிலிருந்து படையணிக் கொடியைக் காக்கக் குதிரையில் விரைந்து ஆற்றங்கரையில் மாண்ட மெல்வில், அவருக்கு உதவத் திரும்பிவந்து உடன் மாண்ட கொக்ஹில் ஆகிய அதிகாரிகளையும் அவர் போற்றவில்லை. காலாட்கள் மடிந்துகொண்டிருக்கையில் அதிகாரிகள் குதிரையேறிச் செல்வதாவது என்பது அவர் எண்ணம். இறந்தோருக்குச் சிலுவை வழங்கும் வழக்கம் அன்று இல்லாமையால் அவ்விருவருக்கும் அது கிடைக்கவில்லை. விதி மாறியபின், 1907இல் வழங்கப்பட்டது. செயல் ஒன்றே. இருபத்தெட்டு ஆண்டுகளில் அதன் விலை மாறிற்று. வோல்ஸ்லியின் கூற்றிலும் ஓர் அநீதி உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். டோல்ற்றனும் சாட்டும் ஓடமுடியாதவர்களல்லர். நோயாளரை விட்டு ஓட மனமில்லாதவர்கள். அரசின் தேவை அவர்களைப் பெருப்பித்தது என்பதற்காக அவர்கள் செய்ததைச் சிறுப்பிக்க வேண்டியதில்லை.

படத்தின் இறுதியில் சிலுவை பெற்ற பதினொருவரின் பெயரும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. கதை அங்கே நின்றுவிடுகின்றது. சாட் பல்மோரல் மாளிகையில் அரசியாரைக் கண்டார். 1897இற் புற்றுநோயால் இறந்தார். புறோம்ஹெட் 1891இல் அலகாபாத்திற் காய்ச்சல் கண்டு மாண்டார். றொபேட் ஜோன்ஸ் 1898இற் துவக்குச் சூட்டால் இறந்தார். தற்கொலை என்பது விசாரணையின் முடிவு. வில்லியம் ஜோன்ஸ் வறுமையில் தம் சிலுவையை அடகு வைத்தார். 1913இல் மன்செஸ்டரில் பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டார். சுவிற்சர்லாந்தில் பிறந்து நேற்றால் சுதேசப் படையணியில் கோப்ரலாக இருந்த கிறிஸ்ரியன் ஷீஸ் வேலையின்றி அலைந்து, இருபத்தெட்டாவது வயதில், 1884இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் உயிர் துறந்தார். உடல் கடலில் விடப்பட்டது. படப்பிடிப்பிற் பங்கேற்ற சூலு மக்களுக்கும் ஒரு செய்தி உண்டு. வெள்ளையரைக் கறுப்பர் கொல்லும் காட்சிகள் உள்ளன என்பதனால், நிறவெறி அரசு இப்படத்தைக் கறுப்பினத்தவர் பார்ப்பதற்குத் தடை செய்தது. நடித்தவர்களுக்கெனச் சில தனிக் காட்சிகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன.

சாட்டின் பதக்கங்கள் 1972இல் ஏலத்துக்கு வந்தபொழுது அவற்றை வாங்கியவர் ஸ்ரான்லி பேக்கர். அவற்றுள் இருந்த விக்டோறியாச் சிலுவை அசலன்று, பிரதி என்றே விற்கப்பட்டது. அவரும் அவ்வாறே நம்பினார். 1976இல் அவர் இறந்தபின் அது பிரதி என்ற பெயருடனேயே கைமாறியது. 1996இல் உலோகத்தைச் சோதித்துப் பார்த்தபொழுதுதான் அதுவே அசற் சிலுவை எனத் தெரியவந்தது.